ஒன்பதாம் எண்ணைச் சுற்றி என்ன இருந்தது

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். ரெட்டியார்பாளையத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஒரு வண்டி, அங்கிருந்து ஈசிஆரில் இன்னொரு வண்டி. அந்த ஆறு வருடத்தில் என்னை அதிகம் கோபப்படுத்தியது பஸ் இல்லை, கருந்துளையும் இல்லை. ‘நீ என்னதாம்மா படிக்கிற’ என்ற கேள்விதான்.

கேட்பவர்களில் முதல் ஆள் எங்கள் எதிர்வீட்டு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பென்ஷன் அங்கிருந்து வருகிறது, அதனால் காலை வணக்கமும் அந்த மொழியில்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டருகில் நின்றுகொண்டு, நான் பஸ்ஸுக்கு ஓடும் நேரம் பார்த்து நிறுத்துவார்.

“பொன்ழூர் மதமுவசேல். இன்னைக்காச்சும் சொல்லிட்டுப் போ. அங்க போயி என்னதான் பண்ற?”

“ரெண்டு கருந்துளை மோதிக்கிறத ஆராய்ச்சி பண்றேன் அங்கிள்.”

“த்ரூ நுவார்,” என்று கருந்துளையைப் பிரெஞ்சில் திருத்துவார். “சரி, அது மோதிக்குது. நீ நடுவுல போயி என்னா பண்ற?”

அன்றைக்குப் பஸ் போய்விடும்.

அவருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து நான் ஒரு விளக்கம் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டு பேர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுகிறார்கள். சுற்றச் சுற்ற நெருங்கி வருகிறார்கள், வேகமும் ஏறுகிறது, கடைசியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துவிடுகிறார்கள். இரண்டு கருந்துளைகள் செய்வதும் இதுதான். அப்படிச் சுற்றும்போது கிளம்பும் நடுக்கத்துக்கு ஈர்ப்பலை என்று பெயர். அது வெகுகாலம் பயணம் செய்து பூமியைக் கடக்கும்போது, வெளிநாடுகளில் இருக்கும் பெரிய கருவிகள் பதிவு செய்துகொள்கின்றன. அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள்: அந்த இரண்டும் வெட்டவெளியில், தன்னந்தனியாகச் சுற்றுகின்றன என்று. முழங்கால் அளவு கடல்தண்ணீரில் நின்று சுற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் காலை இழுக்கும். தாளம் துளியளவு பிசகும். ஆளைப் பார்க்காமல் காலடியை மட்டும் கேட்டு, நிற்பது தரையிலா தண்ணீரிலா என்று சொல்ல முடியுமா? கருந்துளைகளைச் சுற்றி வாயு மண்டிக் கிடக்கலாம், பக்கத்தில் இன்னொரு பெரிய கருந்துளை இருந்து இழுக்கலாம். அந்தச் சுற்றுப்புறத்தின் தடம் அலையில் தெரிகிறதா என்று தேடுவதுதான் என் வேலை.

அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். மில்லில் நூல் பிரிவில் இருந்தவள். மில் மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அப்பா நான் பிளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

“தண்ணியில நின்னு சுத்தினா வழுக்கி வுழுந்துடுவாங்களே,” என்றாள்.

அதற்குமேல் நான் விளக்கவில்லை.

என் கைடு அதிகம் பேசமாட்டார். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “அப்படியா” என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் குடும்பமே நடத்துவார் என்று நினைக்கிறேன். இழுத்துச் சொன்னால் நம்பவில்லை என்று பொருள். வெட்டிச் சொன்னால் டீ குடிக்கப் போகிறார் என்று பொருள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால், நாம் ஒரு மாதமாகச் செய்ததைக் குப்பையில் போட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு முதல் வருடம் முழுவதும் போனது.

ஆய்வறையில் எதிர் மேசையில் இருந்தவன் என்னோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பன். கனகசெட்டிக்குளத்துக்காரன். அவன் அப்பாவுக்குப் படகு, அம்மாவுக்கு மீன் வியாபாரம். சில சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சங்கரா மீனோ நெத்திலியோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். அதனால் என்னைவிட அவன்மேல் அம்மாவுக்குப் பிரியம் அதிகம்.

அவன் ஆராய்ச்சி நீள்வட்டம். உலகத்தில் எதுவும் ஒழுங்கான வட்டத்தில் சுற்றுவதில்லை என்பது அவன் கட்சி. “ஏம்பா, ரெண்டும் வட்டமாத்தான் சுத்துதுன்னு ஒனக்கு யார் சொன்னது? கொஞ்சம் நீட்டி நீட்டிச் சுத்தினாலும் தாளம் பிசகத்தானே செய்யும்? அத ஒன் கணக்குல சேருபா,” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். நியாயமான பேச்சுதான். ஆனால் நீள்வட்டத்தைச் சேர்த்தால் இரண்டு நாளில் முடியும் கணக்கு பதினோரு நாள் ஓடும். எங்கள் அறையில் இருந்த யுபிஎஸ்ஸுக்குப் பதினோரு நாள் என்பதெல்லாம் பேராசை. நடுவில் ஒருதடவை கரண்ட் போனால் போச்சு, முதலிலிருந்து. அதனால் என் கணினி நிரலில் அந்த இடத்தில் ‘நீள்வட்டம்: பிறகு சேர்க்க’ என்று ஒரு குறிப்பு எழுதிவைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். அந்தக் குறிப்பு அங்கேயே இரண்டு வருடம் இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தேடும் பதிவுகளில் இன்னொருவர் ஒரு பொய் அலையை ஒளித்துவைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தவை பன்னிரண்டு பதிவுகள். எதற்கும் பெயர் கிடையாது, ஒன்று முதல் பன்னிரண்டு வரை வெறும் எண்தான். பதினொன்று வானத்திலிருந்து வந்தவை. ஒன்று மட்டும் கணினியில் தயாரித்து, கருவியின் நிஜ இரைச்சலோடு கலந்து வைத்தது. எது பொய், அதற்குள் என்ன இருக்கிறது என்பதை ஒளித்தவர் ஒரு தாளில் எழுதி மடித்து, காலி பிஸ்கட் டின்னில் போட்டு, சுற்றிலும் செல்லோடேப் ஒட்டி, டேப்பின்மேல் கையெழுத்தும் போட்டு பீரோமேல் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கக் கூடாது. கைடுக்குக்கூடத் தெரியாது. தேடுகிறவர் தன் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் டின்னைத் திறப்போம்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. தேடுகிறவர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. ஐந்து வருடமாக ஒன்றையே தேடினால் அது இல்லாத இடத்திலும் கண்ணில் படும். எனக்கு அந்த வியாதி இல்லை என்று நான் மனதார நம்பினேன்.

அந்த வருடம் எனக்கு ஒளித்தவன் நீள்வட்டக்காரன்தான்.

எனக்கு அப்போது ஐந்தாவது வருடம் முடிகிற நேரம். தீசிஸில் முதல் இரண்டு அத்தியாயம் தயார். மூன்றாவது அத்தியாயத்துக்கு ஒரு தலைப்பு மட்டும் இருந்தது. ‘தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று எழுதினாலும் பட்டம் கொடுப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை வருடம் பஸ்ஸில் நின்றதுதான் என் சாதனை என்று நினைத்தேன்.

ஒரு ஜூன் மாத மத்தியானம், ஒன்பதாம் எண் சிக்கியது.

தாளம் பிசகியிருந்தது. அதுவும் நான் எதிர்பார்த்த இடத்திலேயே, ஆரம்பச் சுற்றுகளில். இரண்டும் தூரமாக, மெதுவாகச் சுற்றும்போதுதான் வாயுவின் இழுப்பு அதிகம் தெரியும். நெருங்க நெருங்க அது பின்னால் போய்விடும். என் நிரலிடம் இரண்டே பதில்கள் இருந்தன: வெட்டவெளி, அல்லது வாயு. அது தயங்காமல் வாயு என்றது. திரும்பவும் ஓட்டினேன். திரும்பவும் வாயு. எழுந்து நின்றேன். எதிர் மேசையில் இருந்தவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு தன் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பொறாமை என்று நினைத்தேன்.

கைடிடம் ஓடினேன்.

“அப்படியா,” என்றார், இழுத்து. “அடர்த்தி எவ்வளவு வருது?”

சொன்னேன்.

“அது காத்து இல்லம்மா. கஞ்சி.”

அடர்த்தி கொஞ்சம் கூடுதல்தான். எனக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் வானத்தில் எங்கேயாவது கஞ்சி மாதிரி ஒரு இடம் இருக்கக் கூடாதா என்ன? அரை மணி நேரம் வாதாடினேன். அவர் இரண்டாவதாக, ஒளித்துவைத்த பொய் அலை இதுவாகவே இருக்கலாமே என்றார். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பொய் அலை நான்காம் எண். அது அவ்வளவு சுத்தமாக, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. நண்பனுக்குக் கற்பனை போதாது, அழகாக ஒன்றைச் செய்து வைத்திருப்பான் என்று விளக்கினேன். கைடு, “இன்னும் மூணு மாசம் எல்லாத்தையும் சோதிச்சுப் பாரு. அப்புறம் கையெழுத்துப் போடலாம்,” என்றார்.

அதுவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம்தான். நான் அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். “இன்னும் உறுதி இல்லம்மா, ஆனா உலகத்துலயே மொத மொத நாந்தான்னு நெனைக்கிறேன்” என்று சொன்னதாக ஞாபகம். ‘உறுதி இல்லை’ என்பது அம்மாவின் காதில் விழவில்லை. அடுத்த நாள் ரவா லாடு பிடித்தாள். பள்ளிக்கூடத்துக்குச் சமைத்துப் பழகிய கை. இருநூறு பேருக்கு அளந்து போட்டால்தான் அவளுக்குக் கை நிற்கும். தெருவில் இரண்டு பக்கமும் கொடுத்து முடித்த பிறகும் ஒரு தூக்கு மீதி இருந்தது.

சொல்தா இரண்டு லாடு எடுத்துக்கொண்டார்.

“என்னா கண்டுபுடிச்சிருக்கா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“வானத்துல ரெண்டு கருந்துள சுத்துதாமே, அதச் சுத்தி கஞ்சி மாதிரி இருக்குதாம்.”

“கஞ்சியா?”

“வாயுதான். ஆனா கெட்டியா.”

அவர் அதை ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுத் தேசிய தினக் கொண்டாட்டத்துக்குக் கொண்டுபோனார். மெடல் குத்திக்கொண்டு வந்த அத்தனை பழைய ராணுவக்காரர்களிடமும், ரெட்டியார்பாளையத்துப் பெண் ஒருத்தி த்ரூ நுவாரில் ஏதோ பிடித்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். அதில் ஒருவர் பாரீசில் இருக்கும் மகனுக்குப் போனிலேயே சொல்லிவிட்டாராம். கடற்கரைச் சாலையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னை நிறுத்தித் தொப்பியைத் தூக்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

லாடு பிடித்த வாரம் சனிக்கிழமை நண்பன் மீனோடு வந்தான். அம்மா தட்டில் லாடு வைத்துக் கொடுத்தாள். ஒன்றைக் கடித்தான். அது தொண்டையில் நின்றுவிட்டது போல இருமினான். தண்ணீர் குடித்தான். நான் உள்ளே போய் என் படங்களுக்கு வண்ணம் மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவன் போய்விட்டிருந்தான், பாதி லாடு தட்டில் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

ஆய்வறையில் மட்டும் விடாமல் நச்சரித்தான். “ஒரே ஒரு தடவ நீள்வட்டத்தப் போட்டு ஓட்டிப் பாத்துடேன்பா. பதினோரு நாள்தானே?” என்றான். ஜூலையில் கேட்டான், ஆகஸ்டில் கேட்டான். கடைசியாகக் கேட்டபோது குரல் ஒரு மாதிரி இருந்தது.

“எல்லாத்துலயும் ஒன் நீள்வட்டத்தக் கொண்டாந்து நொழைக்காத. ஒன் வேலையப் பாருடா,” என்றேன்.

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், பீரோமேல் இருந்த டின்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

மூன்று மாதச் சோதனையில் நான் எதையும் விடவில்லை. கருவியின் இரைச்சலைச் சோதித்தேன், அளவீட்டுப் பிழையைச் சோதித்தேன், நிரலை வேறு மொழியில் திரும்ப எழுதிச் சோதித்தேன். பக்கத்தில் மூன்றாவது கருந்துளை இருந்தால் என்ன ஆகும் என்றுகூடப் பார்த்தேன். நீள்வட்டத்தை மட்டும் போடவில்லை. அது அவன் சொன்னது என்பதால்தான் போடவில்லை என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலை என் முடிவை எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி போதும். நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நான்காம் எண் பொய், ஒன்பதாம் எண் நிஜம், அதைச் சுற்றி அடர்ந்த வாயு இருக்கிறது. கீழே தேதியோடு கையெழுத்து. கைடு அதை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, டின்னை எடுக்கச் சொன்னார். டேப்பைக் கத்தரிக்க ஆள் தேடியபோது நண்பன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். நானே கத்தரித்தேன்.

தாளில் அவன் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘எண் ஒன்பது. பொய் அலை. சுற்றிலும் ஒன்றும் இல்லை. பாதை நீள்வட்டம்.’

நான் அதைச் சத்தமாக வாசித்தேன். பாதியில்தான் எனக்கே புரிந்தது. வாசிப்பதை நிறுத்தவும் தெரியாமல் கடைசிச் சொல்வரை வாசித்துவிட்டேன். கைடு கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்படியா,” என்றார்.

நான் டின் மூடியை மேசைமேல் வீசிவிட்டு வெளியே போனேன். கடலைப் பார்க்கப் போகவில்லை, பஸ் ஸ்டாப்புக்குத்தான் போனேன். அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

“நான் சொன்னேன்ல, நீள்வட்டத்தப் போட்டுப் பாருன்னு...”

“மூணு மாசம் என்னய வேடிக்க பாத்துட்டு இருந்த.”

“சொல்லக் கூடாதுபா. வழக்கம். நீ நீள்வட்டத்த எப்பதான் சேப்பியோன்னு பாக்கத்தான் வெச்சேன். ரெண்டு நாள்ல புடிச்சிடுவ, சிரிச்சிக்கலாம்னு இருந்தேன். ஊரே லாடு சாப்புடும்னு எனக்கு எப்டிபா தெரியும்?”

பதினெட்டு நாள் அவனோடு பேசவில்லை. பேசியிருந்தால் சிரித்திருப்பேன், அதற்கு நான் தயாராக இல்லை.

கைடு எளிதான வழி சொன்னார். “மூணாவது அத்தியாயத்த எடுத்துடலாம். ரெண்டு அத்தியாயம் போதும், பட்டம் வந்துடும்.” நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. ஒன்பதாம் எண்ணை விட்டுவிட்டால், நான் ஏமாந்ததற்கு ஒரு பயனும் இல்லாமல் போய்விடும். என்னைப் போலவே வெட்டவெளி, வாயு என்று இரண்டே பதிலை வைத்துக்கொண்டு எத்தனை பேர் தேடிக்கொண்டிருப்பார்கள். “ஏமாந்தது நான் சார். எப்படி ஏமாந்தேன்னு எழுதறேன். அதுதான் மூணாவது அத்தியாயம்,” என்றேன். அவர் “அப்படியா” என்றார். அந்த வகையை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

பன்னிரண்டு பதிவுகளையும் நீள்வட்டம் சேர்த்துத் திரும்ப ஓட்டினேன். ஒவ்வொன்றும் பதினோரு நாள். கரண்ட் போன தடவைகளை நான் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் வேலையை விட்டிருப்பேன். நண்பன் தன் மேசையிலிருந்த நல்ல பேட்டரியைக் கழற்றி என் இயந்திரத்துக்கு மாட்டிவிட்டான். அன்றைக்குத்தான் பேசினேன், அதுவும் “ஒயர இந்தப் பக்கம் இழு” என்று. கடைசியில் வந்த பதில் சுருக்கமானது. வாயு இழுத்தாலும் ஆரம்பத்தில்தான் பிசகும், பாதை நீண்டிருந்தாலும் ஆரம்பத்தில்தான் பிசகும். இப்போது நம்மிடம் இருக்கும் கருவிகளுக்குக் கடைசிச் சில சுற்றுகள்தான் கேட்கின்றன. அதை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். நீள்வட்டத்துக்கு இடம் கொடுக்காமல் யாராவது வாயுவைக் கண்டேன் என்றால் நம்பாதீர்கள். இன்னும் முன்னாலிருந்தே கேட்கக்கூடிய கருவிகள் வரும்போதுதான் இந்த வழக்கு தீரும். இதுதான் என் அத்தியாயம். எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை வழுக்கிவிட்டது. டின் கதையை எழுதும்போது, ‘குழுவைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் ஒன்பதாம் எண்ணைச் சுற்றி வாயு இருப்பதாக முடிவு செய்து கையெழுத்திட்டார்’ என்று எழுதினேன். தீசிஸில் அப்படி எழுதுவது நடைமுறைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டிலும் சொல்லவில்லை. லாடு கொடுத்த தெருவில் போய் ஒன்றும் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அம்மா வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக அவளும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சொல்தா மட்டும் தினமும் கேட்டார். “வேல நடக்குது அங்கிள்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பல மாதம் அப்படியே ஓடினேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம் என்பது விதி. கேள்வி கேட்க ஆள் வருகிறதோ இல்லையோ, சமோசாவுக்கு வரும். அம்மா லீவு போட்டுவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் சொல்தா, கோட்டு போட்டு, மெடலோடு. பேசுவது எல்லாம் ஆங்கிலத்தில்தானே, அவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நிதானமான மனிதர். முதல் இரண்டு அத்தியாயத்துக்கும் எளிதான கேள்விகள் கேட்டார். மூன்றாவதுக்கு வந்ததும் பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: இதில் வரும் அந்த ஆய்வாளர் யார்?

கைடு மின்விசிறியைப் பார்த்தார். “எங்கள் குழுவில் ஒருவர்” என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். அது பொய் இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் போனார். அதோடு முடிந்திருக்கும்.

என் கோபம் வழக்கமாக அடுத்தவர்மேல்தான் வரும். அன்றைக்கு என்மேலேயே வந்தது. தாளில் எல்லாருக்கும் புத்தி சொல்லியிருக்கிறேன், என் பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன். நான் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன்.

“அம்மா,” என்றேன் தமிழில். “அந்த ஒம்போதாம் நம்பரச் சுத்தி வாயு இருக்குன்னு சொன்னேன்ல. இல்லம்மா. அங்க ஒண்ணுமே இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன்.” பிறகு தேர்வாளரிடம் திரும்பி, “அந்த ஆய்வாளர் நான்தான் சார்,” என்றேன்.

“தெரியுமே,” என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

“மீனு கொண்டாந்து லாடு சாப்ட்டன்னைக்கே அந்தத் தம்பி சமையக்கட்டுக்கு வந்து சொல்லிட்டுது. தாந்தான் ஒளிச்சி வெச்சேன், அது பொய்யின்னு. அழுதுட்டுது பாவம்.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த நண்பன் தலையைத் தொங்கப்போட்டான். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். கைடின் முகம் வெளுத்துவிட்டது, எனக்கு அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அந்த அத்தியாயத்தின் மதிப்பே, கையெழுத்துப் போடும்வரை எனக்கு உண்மை தெரியாது என்பதில்தான் இருக்கிறது. டின் திறப்பதற்கு மூன்று மாதம் முன்பே ரகசியம் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டதென்றால், சோதனையே செல்லாது. அத்தியாயமும் செல்லாது.

“அம்மா,” என்றார் தேர்வாளர், இப்போது அவரும் தமிழில். “கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. பொட்டி தொறக்கறதுக்கு முன்னாடி, உங்க பொண்ணுகிட்ட இதப்பத்தி ஏதாவது சொன்னீங்களா? ஜாடையாகூட?”

அம்மா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கோர்ட்டில் நிற்பது மாதிரி நின்றாள்.

“ஒரு வார்த்த சொல்லல சார்.”

“மூணு மாசமா?”

“மூணு மாசமும். அதுக்கப்புறமும்.”

“பொண்ணு தப்பு பண்றான்னு தெரிஞ்சும், ஏன் சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னு அந்தத் தம்பி சத்தியம் வாங்கிட்டுது,” என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்க்காமல் அவரிடமே சொன்னாள். “அதுவுமில்லாம, காலேசு போறேன்னு கெளம்புன இத்தினி வருசத்துல அந்த மூணு மாசந்தான் சார் அவ தட்டுல போட்டத மிச்சம் வெக்காம சாப்ட்டா. அத நான் எதுக்குக் கெடுக்கணும்?”

தேர்வாளர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார், மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார், “சோதனை செல்லும்” என்று கைடிடம் சொன்னார். என்னிடம் மீதியையும் பேசச் சொன்னார். இன்னும் நான்கு ஸ்லைடு இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டதால் அவற்றை யாரும் பார்க்கவில்லை.